மூணாறு குளிருக்கு ஒரு பாம்புப் பெட்டி: தெர்மாகோல் முதலில், ஹீட்டர் பிறகு

பால் பைதான் (ball python, பந்துபோல் சுருளும் சிறு மலைப்பாம்பு) மேற்கு ஆப்பிரிக்காவில் கானா, டோகோ, பெனின் பக்கத்துப் பாம்பு. பெட்டியின் சூடான முனையில் 31–32 டிகிரி, குளிர்ந்த முனையில் 25 டிகிரி, விடியற்காலையிலும் எந்த மூலையும் 24-க்குக் கீழே போகாமல் இருக்க வேண்டும். அப்படியிருந்தால்தான் ஒழுங்காக இரை எடுக்கும், சட்டையை ஒரே துண்டாக உரிக்கும். மூணாறு சுமார் 1,500 மீட்டர் உயரம். ஜனவரியில் விடியும்போது புல்மேல் உறைபனி வெளுத்துக் கிடக்கும். தகரக் கூரை போட்ட லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை) வீடுகளில் அறைக்குள்ளேயே 12 டிகிரிதான் இருக்கும். அதாவது வெளியே இருப்பதைவிடப் பெட்டிக்குள் சராசரியாக 15 டிகிரி கூடுதலாக, இரவு முழுக்க நிறுத்திவைக்க வேண்டும். சமவெளியில் பாம்பு வளர்ப்பவர்கள் சொல்லும் அளவுகள் இங்கே பொருந்தாமல் போவது இதனால்தான். மலையடிவாரத்துப் போடியில் 60 வாட் போதும் என்கிற அதே பெட்டிக்கு, போடிமெட்டு ஏறி இந்தப் பக்கம் வந்தால் 150 வாட்டும் இழுபறிதான்.

முதலில் சட்டம். இந்தியாவில் இயற்கையாக வாழும் பாம்பு எதையும், மலைப்பாம்போ சாரையோ தண்ணீர்ப் பாம்போ, வீட்டில் வைத்து வளர்க்க முடியாது. 1972-ஆம் ஆண்டின் வன உயிர் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. தோட்டத்தில் பிடிபட்ட குட்டி என்ற பேச்சுக்கே இடமில்லை. கேரளத்தில் அப்படி ஒன்று வீட்டுக்குள் வந்துவிட்டால் வனத்துறையின் சர்ப்பா செயலியில் தெரிவித்தால் பயிற்சி பெற்றவர்கள் வந்து பிடித்துப் போவார்கள். பால் பைதான் வெளிநாட்டு இனம், ஆனால் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. ஆகவே 2022-இல் திருத்தப்பட்ட சட்டத்தின் நான்காம் அட்டவணைக்குள் வருகிறது. 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். கை மாறினாலும், குட்டி பொரித்தாலும், செத்தாலும் தெரிவிக்க வேண்டும். பதிவுக் காகிதம் இல்லாமல் யாராவது தந்தால் வாங்காதீர்கள். பெட்டி செய்வதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள்.

வெப்பம் எங்கே போகிறது

வளர்ந்த பால் பைதானுக்கு 4 அடி நீளம், 2 அடி ஆழம், 2 அடி உயரம் வேண்டும். இந்தப் பெட்டியின் மொத்தப் பரப்பு 40 சதுர அடி, சுமார் 3.7 சதுர மீட்டர். அதில் முன்பக்கக் கண்ணாடி மட்டும் அரை சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. 18 மி.மீ. மல்டிவுட் (பிவிசி நுரைப்) பலகை, உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, சதுர மீட்டருக்கு சுமார் 2 வாட்டை வெளியே விடும். ஒற்றைக் கண்ணாடி ஐந்தரை வாட் விடும். காற்றோட்ட ஓட்டைகளையும் சேர்த்தால் மொத்தப் பெட்டியும் ஒரு டிகிரிக்குப் பத்து வாட் வீதம் இழக்கிறது. 15 டிகிரிக்கு 150 வாட். 100 வாட் ஹீட்டர் போட்டால் அது விடிய விடிய எரிந்தும் சராசரி 22-ஐத் தாண்டாது.

இந்த இடத்தில் பலரும் இரண்டாவது ஹீட்டரை வாங்கப் போகிறார்கள். அது தப்பு. ஹீட்டர் பெரிதாக ஆக, பல்புக்கு நேர் கீழே சுடும், மறுமுனை குளிர்ந்தபடியே கிடக்கும், காற்று உலர்ந்து போகும், தெர்மோஸ்டாட் (சூட்டைப் பார்த்து ஹீட்டரைப் போட்டு அணைக்கும் கருவி) பழுதானால் ஆபத்தும் அந்த அளவுக்குப் பெரிதாகும். 25 மி.மீ. தெர்மாகோலைப் பெட்டியின் முதுகு, பக்கங்கள், கூரை, அடி எல்லாவற்றுக்கும் வெளியே ஒட்டினால் பலகையின் இழப்பு 2 வாட்டிலிருந்து சுமார் 0.8-க்கு இறங்கும். மொத்தத் தேவை 90 வாட். இரவில் கண்ணாடிமேல் பழைய கம்பளியை மடித்துத் தைத்த ஒரு கனமான மெத்தை உறை தொங்கவிட்டால் 70 வாட். சில நூறு ரூபாய்த் தெர்மாகோலும் ஒரு பழைய கம்பளியும் சேர்ந்து பாதி ஹீட்டரை மிச்சம் பிடிக்கின்றன. அதற்குப் பிறகு 100 வாட் போதும், கையில் கொஞ்சம் மிச்சமும் இருக்கும்.

பலகையும் வெட்டும்

பிளைவுட் வேண்டாம். தண்ணீர் தாங்கும் ஐஎஸ் 710 மரைன் தரமே ஆனாலும், இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் வெளியே ஈரம், உள்ளே சூடு, அடியில் பரப்பிய நனைந்த தேங்காய் நார் என்று மூன்றும் சேர்ந்தால் வெட்டு விளிம்புகள் இரண்டு வருடத்தில் ஊதும். மல்டிவுட் என்று கேரளத்தில் கேட்டால் எந்தக் கடையிலும் கிடைக்கும் பிவிசி நுரைப் பலகைதான் இதற்குச் சரி. தண்ணீர் குடிக்காது, கழுவலாம், பலகையே கொஞ்சம் வெப்பத்தைத் தடுக்கும். ஒரே குறை, 60–70 டிகிரியில் இளக ஆரம்பிக்கும். அதைக் கூரையில் ஹீட்டர் மாட்டும்போது கணக்கில் எடுக்க வேண்டும்.

8 அடிக்கு 4 அடி, 18 மி.மீ. ஷீட் ஒன்று போதும். அதில் 4×2 துண்டு நான்கு வரும். ஒன்று தரை, ஒன்று கூரை, ஒன்று முதுகு. நான்காவதைப் பாதியாக வெட்டினால் இரண்டு பக்கங்கள். வாள் தின்னும் 3 மி.மீ. எல்லாத் துண்டிலும் சமமாகக் குறைவதால் பிரச்சினை இல்லை. ஆனால் பக்கத் துண்டு இரண்டையும் ஆழத்தில் 18 மி.மீ. குறைத்து வெட்டச் சொல்லுங்கள். முதுகுப் பலகை பக்கங்களுக்குப் பின்னால் வந்து உட்கார அந்த இடம் வேண்டும். இதை ஆசாரியிடம் முன்கூட்டியே சொல்லாவிட்டால் முதுகு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். முன்பக்கத்துக்கு மட்டும் தனியாக இரண்டு பட்டைகள்: கீழே 4 அங்குலம், மேலே 3 அங்குலம். கீழ்ப்பட்டை நார் கொட்டாமல் தடுக்கும் அணை. மேல்பட்டை கண்ணாடிச் சேனலைத் தாங்கும். நடுவே 17 அங்குலத் திறப்பு.

ஒட்டுவதற்கு, தண்ணீர்க் குழாய்க்குப் போடும் பிவிசி சிமென்ட்டே போதும். அதோடு 38 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ, 6 அங்குலத்துக்கு ஒன்று. முதலில் 2.5 மி.மீ. துளை போட்டுக்கொள்ளுங்கள். ட்ரில்லால் கடைசிவரை முறுக்கக் கூடாது. கடைசி இரண்டு சுற்றும் கையால்தான். நுரைப் பலகையின் விளிம்பில் ஒரு தடவை மரை கழன்றால் அந்தத் துளை பிறகு பிடிக்கவே பிடிக்காது. உள் மூலைகள் எல்லாவற்றிலும் சிலிகோன் ஓட்டுங்கள். புளிக்காடி வாசனை அடிக்கும் சிலிகோன் அது. இந்தக் குளிரில் காய ஒரு வாரம் விட வேண்டும். வாசனை முழுக்கப் போனால்தான் காய்ந்தது என்று அர்த்தம்.

காற்றுக்கு 50 மி.மீ. ஓட்டை மூன்று: குளிர்முனைப் பக்கப் பலகையில் தாழ்வாக இரண்டு, சூடான முனையில் முதுகில் உயரே ஒன்று. எல்லாவற்றிலும் அலுமினிய ஜாலி. இதற்குமேல் ஓட்டை போட்டால் மேல் ஓட்டை புகைபோக்கியாக வேலை செய்து, ஒட்டிய தெர்மாகோலுக்கு அர்த்தமில்லாமல் செய்துவிடும்.

தெர்மாகோல் வெளியேதான், உள்ளே ஒருபோதும் கூடாது. பாம்பு தலையால் நெண்டிப் பிய்க்கும், உண்ணி அதன் பொடிக்குள் ஒளிந்து வாழும். ஒட்டியபின் மேலே மெல்லிய பலகையோ பழைய பிளெக்ஸ் துணியோ மூடிவிட்டால் எலி கடிக்காது. ஹீட்டருக்கு நேர் மேலே ஓர் அடிச் சதுரத்தை மட்டும் தெர்மாகோல் இல்லாமல் விடுங்கள். அங்கேயும் மூடினால் வெப்பம் வெளியேற வழியில்லாமல் கூரைப் பலகை இளகி நடுவில் தொய்யும், தெர்மாகோலும் சுருங்கும்.

கண்ணாடி

ஷோகேஸுக்குப் போடும் அலுமினியச் சேனல், 5 மி.மீ. டஃபன்டு (சூடேற்றி உறுதியாக்கிய) கண்ணாடி இரண்டு, ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் பக்கவாட்டில் நகரும்படி. மேல் சேனல் கீழ்ச் சேனலைவிட ஆழமாக இருக்க வேண்டும். கண்ணாடியை மேலே தூக்கி, பிறகு கீழே இறக்கித்தான் மாட்டுகிறோம். சேனல்களைத் திருகி முடித்தபின் உள் அளவை மூன்று இடத்தில் அளந்து, மிகக் குறைந்ததை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். டஃபன்டு கண்ணாடியைப் பிறகு அரை மில்லியும் தேய்க்க முடியாது. இரண்டும் நடுவில் ஓர் அங்குலம் ஒன்றையொன்று மறைத்து நிற்க வேண்டும். அந்த இடைவெளியில் கண்ணாடி விளிம்புக்குப் போடும் ஒளிபுகும் பிவிசி பட்டை ஒன்றைச் செருகுங்கள். குட்டிப் பாம்புக்கு ஒரு விரல் நுழையாத சந்தும் வாசல்தான். ஷோகேஸ் பூட்டு கட்டாயம். பாம்பு இரவெல்லாம் மூக்கால் தள்ளிப் பார்க்கும். பூட்டாத கண்ணாடி ஒருநாள் நகரும்.

ஹீட்டர்

செராமிக் ஹீட்டர் பல்ப், 100 வாட். கோழிக்குஞ்சுக்குச் சூடு கொடுக்க விற்கிறார்களே, அதேதான். வெளிச்சம் தராது என்பதால் இரவிலும் ஓடலாம். சாதாரண 100 வாட் குண்டு பல்பைப் போடாதீர்கள். பால் பைதான் இரவில் நடமாடும் ஜீவன், இருபத்து நான்கு மணி நேர வெளிச்சத்தில் இரையைத் தொடாது. சூடாக்கிய செயற்கைக் கல்லும் வேண்டாம். பாம்பு வயிற்றுத் தோல் வெந்துகொண்டிருக்கும்போதும் நகராமல் படுத்துக் கிடக்கும். அடியில் வைக்கும் ஹீட் மேட் இந்த அளவுப் பெட்டிக்கும் இந்த ஊருக்கும் போதாது. அதன்மேல் மூன்று அங்குல நாரும் அடியில் தெர்மாகோலும் இருந்தால் நடுவில் வெப்பம் சிக்கி, பாம்பு தோண்டி அடையும் அடியாழத்தில்தான் சூடு அதிகமாக இருக்கும். காட்டில் அது சூட்டுக்குத் தப்பித்தான் மண்ணுக்குள் போகிறது.

ஹோல்டர் பீங்கானாகத்தான் இருக்க வேண்டும். நம் வீட்டில் பல்பைச் செருகித் திருப்பும் பின் (pin) வகை ஹோல்டர் இதற்குப் பொருந்தாது. திருகு வகை, இ27. பேக்லைட் ஹோல்டர் சில மாதத்தில் கருகிப் பொடியும். ஹோல்டருக்குப் போகும் கடைசி ஓர் அடி வயரைக் கண்ணாடி நார் உறைக்குள் நுழைத்துவிடுங்கள். பேஸ் வயர் (மின்சாரம் வருவது) ஹோல்டரின் நடு முனைக்கும், நியூட்ரல் வயர் திருகு மரைக்கும் போக வேண்டும். மாறிப்போனால் பல்ப் மாற்றும்போது கைபடும் இடத்தில் மின்சாரம் நிற்கும்.

கூரைப் பலகைக்கும் ஹோல்டருக்கும் நடுவில் ஓர் அடிச் சதுரமான 8 மி.மீ. சிமென்ட் போர்டு. அதைக் கூரையோடு ஒட்டாமல், நான்கு மூலையிலும் 10 மி.மீ. வாஷர் அடுக்கி இறக்கி மாட்டுங்கள். அந்தக் காற்றிடைவெளிதான் மல்டிவுட்டைக் காப்பாற்றுகிறது. பல்பைச் சுற்றி 8 அங்குல அகலம், 9 அங்குல உயரத்தில் கம்பிக்கூடு. வலைக்கண் 6 மி.மீ., பல்பிலிருந்து எல்லாப் பக்கமும் குறைந்தது 2 அங்குலம் தள்ளி. கூட்டுக்கு எர்த் வயர் கொடுங்கள். பாம்பு அதைச் சுற்றிக்கொண்டு தொங்கும் என்று நினைத்தே செய்யுங்கள், ஏனென்றால் தொங்கும். பல்பின் நுனிக்கும் கீழே பாம்பு ஒளிந்துகொள்ளக் கவிழ்த்துவைக்கும் மண்சட்டி மறைவின் முதுகுக்கும் 9 அங்குலமாவது இருக்க வேண்டும். அந்தச் சட்டியின் முதுகு 35 டிகிரியைத் தாண்டக் கூடாது.

புதுப் பல்பை முதல் ஒரு மணி நேரம் வராந்தாவில் எரியவிடுங்கள், தொழிற்சாலைப் பூச்சு புகையும். சூடாக இருக்கும்போது தண்ணீர் தெளித்தால் வெடிக்கும். செராமிக் பல்ப் செத்தால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. தெர்மோஸ்டாட்டின் விளக்கு எரியும், வெப்பநிலை மட்டும் இறங்கிக்கொண்டே போகும். ஆகவே மாற்றுப் பல்ப் ஒன்று எப்போதும் வீட்டில் இருக்கட்டும். இரவு பதினொரு மணிக்கு அதை வாங்கக் கடை கிடைக்காது.

தெர்மோஸ்டாட், அதற்கு மேலே ஒரு காவல்

எஸ்டிசி-1000 என்ற தெர்மோஸ்டாட் மலிவானது, 230 வோல்ட்டில் நேரடியாக ஓடும், ஹீட்டரைப் போட்டு அணைக்கும் அதன் உள் சுவிட்சான ரிலே 10 ஆம்பியர் தாங்கும். அதன் முனைகளில் 1, 2-இல் மின்சாரம், 3, 4-இல் சென்சார், 5, 6-இல் ஹீட்டர், 7, 8 குளிரூட்டிக்கு. கடைசி இரண்டு நமக்கு வேண்டாம். பேஸ் 1-லிருந்து ஒரு சிறு வயரால் 5-க்குப் போய், 6-லிருந்து ஹீட்டருக்கு. நியூட்ரல் 2-லிருந்து நேராக ஹீட்டருக்கு. நகல்கள் நிறைய உலவுகின்றன, ஆகவே கருவியின் முதுகில் ஒட்டியிருக்கும் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 12 வோல்ட்டில் ஓடும் திறந்த ரிலே போர்டு இதைவிடவும் மலிவு. ஆனால் பலகையில் 230 வோல்ட் பாதை வெறுமையாகத் திறந்து கிடக்கும். ஈரமான ஊரில் அதை நம்பி மெயின் லைனை ஓட்டக் கூடாது.

ஹீட்டர் அணைய வேண்டிய வெப்பநிலையைக் குறிக்கும் எஃப்1 அமைப்பில் 31.5. எத்தனை டிகிரி இறங்கினால் மறுபடி எரிய வேண்டும் என்பதைக் குறிக்கும் எஃப்2-இல் 1.0 வையுங்கள். 0.3 வைத்தால் துல்லியம் கூடும் என்று தோன்றும். உண்மையில் ரிலே ஓயாமல் தட்டித் தட்டித் தேயும், பல்போ அணைந்தபின்னும் சில நிமிடம் கொதிப்பதால் துல்லியம் கூடாது. எஃப்4 சரிக்கட்டும் எண். அதற்குப் பலரும் ஐஸ் தண்ணீரில் சென்சாரை வைத்துப் பார்க்கிறார்கள். நமக்குத் தேவை 30-ஐ ஒட்டிய துல்லியம் அல்லவா? ஒரு டம்ளரில் வெதுவெதுப்பான நீர் எடுத்து, டிஜிட்டல் காய்ச்சல் தெர்மாமீட்டரையும் சென்சாரையும் ஒன்றாகப் பிடித்து, 37 டிகிரி வாக்கில் ஒப்பிடுங்கள். வித்தியாசத்தை எஃப்4-இல் போடுங்கள்.

சென்சார் சூடான முனைப் பக்கச் சுவரில், நாருக்கு இரண்டு அங்குலம் மேலே, மறைவின் வாய்க்கு அருகே. உயரே மாட்டினால் மேலே சேரும் சூட்டைக் காட்டி ஹீட்டரைச் சீக்கிரம் அணைத்துவிடும், பாம்பு கீழே குளிரில் கிடக்கும். சென்சார் வயருக்கு ஒவ்வோர் அரை அடிக்கும் ஒரு பிளாஸ்டிக் கிளிப், அதற்கொரு ஸ்க்ரூ. டேப் மட்டும் ஒட்டவே ஒட்டாதீர்கள். பெட்டிக்குள் எந்த இடத்திலும், எந்த டேப்பும். ஒரு முனை பிரிந்தால் பாம்பு அதில் ஒட்டிக்கொள்ளும், பிய்க்கும்போது செதில் தோலோடு வரும்.

இப்போது முக்கியமான விஷயம். சென்சார் வயர் அறுந்தால் எஸ்டிசி-1000 அதைக் கண்டுபிடித்து, திரையில் பிழைக் குறியைக் காட்டி, ஹீட்டரை நிறுத்திவிடும். ஆனால் பாம்பு சென்சாரை நெம்பிப் பிடுங்கி, அது தண்ணீர்க் கிண்ணத்தில் விழுந்தால் கருவிக்கு ஒரு பழுதும் தெரியாது. 22 டிகிரி என்று படித்து ஹீட்டரை ஓட்டிக்கொண்டே இருக்கும். ரிலேயின் தொடுமுனை உருகி ஒட்டிக்கொண்டாலும் அதே கதிதான். அதனால் ஹீட்டர் வயரில் தொடராக இன்னொரு காவல் வேண்டும்: கேஎஸ்டி301 வெப்பத் துண்டிப்பான், 50 டிகிரி, சாதாரண நிலையில் இணைந்திருக்கும் வகை, நடுவில் பட்டன் உள்ள கையால் மீட்கும் வகை. தானாக மீளும் வகையை வாங்கினால் அது விட்டுவிட்டு ஹீட்டரை மறுபடி போட்டுக்கொண்டே இருக்கும், பழுது நடந்ததே உங்களுக்குத் தெரியாது. அதைக் கூரையில் கூட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, பட்டன் வெளியிலிருந்து எட்டும்படி பொருத்துங்கள். அதற்கு முன் அந்த இடத்தின் வழக்கமான சூட்டை அளந்து பாருங்கள். இந்த அமைப்பில் 40-ஐ ஒட்டி இருக்கும், 50 சரி. உங்களுக்கு 45 வந்தால் 55 வாங்குங்கள்.

துண்டிப்பான் விழுந்தால் பாம்பு குளிரில் கிடக்குமே என்று தயங்க வேண்டாம். ஆரோக்கியமான பாம்பு ஓர் இரவுக் குளிரைத் தாங்கும். 40 டிகிரியைத் தாண்டிய பெட்டியை அது தாங்காது.

முழு இணைப்பும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள லைனில் இருக்கட்டும். பழைய லயத்து வயரிங்கில் எர்த் இல்லாத பிளக்குகள் உண்டு, முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பெட்டியிலிருந்து பிளக்குக்குப் போகும் வயர் ஓரிடத்தில் கீழே தொங்கி மேலே ஏற வேண்டும், தண்ணீர் வழிந்தால் அங்கேயே சொட்டிவிடும்.

மூடுபனி ஊரில் உலர்ந்த பெட்டி

இந்த ஊரில் ஆடி மாதம் துணி நான்கு நாள் காயாது. அப்படியிருக்க பெட்டிக்கு ஏன் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள். 18 டிகிரியில் 90 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று பெட்டிக்குள் போய் 28 டிகிரிக்குச் சூடானால், அதே காற்றின் ஈரப்பதம் 50-க்கும் கீழே வந்துவிடும். காற்றிலுள்ள நீர் குறையவில்லை, சூடான காற்று தாங்கும் அளவு எக்கச்சக்கமாக ஏறிவிட்டது. ஜனவரியில் இன்னும் மோசம்: 10 டிகிரியில் 60 சதவீதக் காற்று உள்ளே 20 சதவீதம் ஆகிறது. பால் பைதானுக்கு 55–65 வேண்டும், சட்டை உரிக்கும் வாரத்தில் 70. சட்டை துண்டு துண்டாகக் கிழிந்து வாலிலும் கண்மேலும் ஒட்டி நிற்பது பெரும்பாலும் இந்தக் கணக்கு தெரியாமல்தான்.

தேங்காய் நார்க் கழிவு மூன்று அங்குலம். உடுமலைப் பக்கத்திலிருந்து வரும் கட்டிகளை ஊறவைத்து, சாயத் தண்ணீர் தெளியும்வரை மூன்று தடவையாவது அலசிப் பிழியுங்கள், உப்பு போக வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரை மேலே தெளிக்காமல் பின் மூலையில் மெல்ல ஊற்றினால் அடியில் பரவும், மேலடுக்கு உலர்ந்தே இருக்கும். வாரத்துக்கு ஒருமுறை, ஜனவரியில் நான்கு நாளுக்கு ஒருமுறை. மேலடுக்கு நனைந்தே கிடந்தால் வயிற்றுச் செதில் பழுத்துச் சிவந்து புண்ணாகும். தண்ணீர்க் கிண்ணம் குளிர்முனையில். சூடான முனையில் வைத்தால் ஈரம் கட்டுப்பாடில்லாமல் ஏறும்.

ஈரமானியைச் சோதிக்க ஒரு பாட்டில் மூடியில் கல்லுப்பு, சேறு பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர். அதையும் ஈரமானியையும் ஒரு ஜிப் கவரில் மூடி ஓர் இரவு வையுங்கள். 75 காட்ட வேண்டும். காட்டாவிட்டால் எவ்வளவு கூட, எவ்வளவு குறைய என்று கருவியின் முதுகிலேயே எழுதி ஒட்டுங்கள். முள் வைத்த ஒட்டு மீட்டர்கள் எதற்கும் உதவாது.

இன்னொரு பக்கம் கண்ணாடி. உள்ளே 28 டிகிரி, 60 சதவீதம் என்றால் 19–20 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் படியும். அறை 12-இல் இருக்கும்போது ஒற்றைக் கண்ணாடியின் உள்முகம் 17-ஐ ஒட்டிப் போய்விடும். விடியற்காலையில் கண்ணாடி வியர்த்து, நீர் வழிந்து, கீழ்ச் சேனலில் தேங்கி, நாரின் முன் விளிம்பில் பூஞ்சை பிடிக்கும். நார் அதிகம் நனைந்துவிட்டது என்று நினைத்துத் தண்ணீரைக் குறைப்பவர்கள் பாம்பைக் காயப்போடுகிறார்கள். மருந்து வேறு: இரவு கண்ணாடிக்கு வெளியே அந்த மெத்தை உறை. அது வெப்பத்தைக் காப்பதோடு கண்ணாடியின் உள்முகத்தையும் சூடாக வைத்து வியர்வையை நிறுத்துகிறது. காற்று ஓட்டைகளை மறைக்காமல் போடுங்கள்.

உள்ளே மறைவு இரண்டு, ஒரே அளவில், இரு முனைகளிலும். ஒன்று மட்டும் வைத்தால் பாம்பு சூட்டுக்கும் பாதுகாப்புக்கும் நடுவே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிவரும், அது பெரும்பாலும் பாதுகாப்பைத்தான் எடுக்கும். கவிழ்த்த மண்சட்டியின் விளிம்பில் வாய் உடைத்து, அரத்தால் வழவழப்பாகத் தேய்த்தால் போதும். ஏறுவதற்குப் பிடுங்கிப் போட்ட பழைய தேயிலைச் செடியின் அடிக்கட்டை அருமையான பொருள், உறுதி, முறுக்கு, பிடிப்பு எல்லாம் உண்டு. ஆனால் பல வருட மருந்துத் தெளிப்பு பட்டையில் இருக்கும். பட்டையை முழுக்க உரித்து, ஒரு வாரம் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து, கொதிநீர் ஊற்றி, வெயிலில் காயவைத்தபின்தான் உள்ளே வைக்கலாம். யூகலிப்டஸ் கட்டையும் இலையும் வேண்டாம், அந்த எண்ணெய் ஆவி மூடிய பெட்டியில் நல்லதல்ல. பாம்பு இருக்கும் அறையில் கொசுவத்தியும் கொசு விரட்டித் திரவமும் வேண்டாம்.

ஒரு வாரம் வெறும் பெட்டி

பாம்பு இல்லாமல் ஏழு நாள் ஓட்டிப் பாருங்கள். காலை ஐந்து மணி அளவுதான் உண்மை பேசும், மதிய அளவு எல்லோரையும் ஏமாற்றும். இந்தப் பெட்டியில் கிடைத்தவை: தெர்மாகோல் ஒட்டுவதற்கு முன், அறை 13, ஹீட்டர் இரவு முழுக்க அணையாமல் எரிந்தும் சூடான முனை 26, குளிர்முனை 20. தெர்மாகோல் ஒட்டியபின், அறை 12 சொச்சம், சூடான முனை 31, குளிர்முனை 23. மெத்தை உறையும் போட்டபின் 31.5-உம் 24.5-உம். ஹீட்டர் மணிக்கு நாற்பது நிமிடமே எரிந்தது. பல்பையோ தெர்மோஸ்டாட்டையோ ஒரு தடவையும் மாற்றவில்லை. பனிக்காலத்தில் சராசரி 55 வாட் என்றால் ஒரு நாளைக்கு 1.3 யூனிட், இரண்டு மாத பில்லில் 80 யூனிட் வரை ஏறும். வெயில் காலத்தில் அதில் பாதிகூட வராது.

துப்பாக்கி வடிவ இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் மண்சட்டி, நார், கட்டை இவற்றில் சரியாகச் சொல்லும். பளபளக்கும் அலுமினியத்தில் தப்பாகச் சொல்லும்.

பெட்டியை அறையின் உட்சுவரை ஒட்டி, இரண்டடி உயர மேசைமேல் வையுங்கள். தரையில் வைத்தால் அறையின் குளிரெல்லாம் அங்கேதான் தேங்கும்.

கரண்ட் போனால்

மழைக்காலத்தில் மரம் சாய்ந்து லைன் அறுந்தால் ஒரு நாள் முழுக்கப் போகலாம். 150 ஆம்பியர்-மணி பேட்டரி உள்ள வீட்டு இன்வெர்ட்டர், வேறு எதுவும் ஓடாவிட்டால், இந்த ஹீட்டரை ஓர் இரவு முழுக்க இழுக்கும். செராமிக் பல்ப் வெறும் தடைச் சுமைதான், சதுர அலை இன்வெர்ட்டரும் அதைக் கெடுக்காது. இன்வெர்ட்டர் இல்லையா, இரண்டு லிட்டர் பாட்டில் இரண்டில் 60 டிகிரித் தண்ணீர் நிரப்பி, கனமான துண்டு சுற்றி உள்ளே வையுங்கள். அது 30-க்கு ஆறுவதற்குள் சுமார் 140 வாட்-மணி தரும், அதாவது ஹீட்டர் செய்யும் இரண்டு மணி நேர வேலை. இரண்டு மணிக்கொரு தடவை மாற்றினால் விடியும்வரை ஓட்டலாம். மெத்தை உறையைப் பெட்டியின் நாலாபக்கமும் சுற்றுங்கள், மேல் ஓட்டையை மட்டும் விட்டு.

இரை கொடுத்த பாம்புக்குத்தான் கவலை. வயிற்றில் எலி இருக்கும்போது உடல் குளிர்ந்தால் செரிமானம் நின்று, அழுகி, கக்கிவிடும். கக்கிய பாம்பு தேறப் பல வாரம் ஆகும். ஆகவே காற்று மழை எச்சரிக்கை இருக்கும் வாரத்தில் இரையைத் தள்ளிப்போடுங்கள். வளர்ந்த பாம்புக்கு ஒரு வாரம் தள்ளினால் ஒன்றும் ஆகாது. குளிர் நாட்களுக்குப் பின் மூச்சில் விசில் சத்தம், வாயோரம் நுரை, தலையை மேலே தூக்கியபடியே இருப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அது நுரையீரல் தொற்றாக இருக்கலாம். ஹீட்டரைக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருக்காமல் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

மாதம் ஒரு சோதனை

துண்டிப்பான் வேலை செய்கிறதா என்று மாதத்துக்கு ஒரு தடவை பார்த்தாக வேண்டும், அதுவும் மார்ச், ஏப்ரலில் தவறவே கூடாது. ஜனவரி இரவில் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டாலும் பெட்டி ஐந்தாறு டிகிரிதான் கூடும், குளிரே காப்பாற்றிவிடும். ஏப்ரல் மதியம் அறை 24-இல் இருக்கும்போது அதே 100 வாட் பெட்டிச் சராசரியை 40-க்கு ஏற்றும். நாம் ஒட்டிய தெர்மாகோல் அப்போது எதிரியாக நிற்கும்.

பாம்பைத் துணிப்பையில் எடுத்து வேறு அறையில் பத்திரமாக வையுங்கள். சென்சாரைக் கிளிப்பிலிருந்து கழற்றி, வெளியே ஒரு டம்ளர் குளிர்ந்த நீரில் போடுங்கள். கண்ணாடியைப் பூட்டி, உறையையும் மூடுங்கள். ஹீட்டர் ஓயாமல் எரியும். பக்கத்திலேயே இருந்து கூரைச் சூட்டைக் கால் மணிக்கொரு தடவை குறித்துக்கொள்ளுங்கள். 50-ஐத் தொட்டதும் துண்டிப்பானில் ஒரு சொடக்கு கேட்கும், ஹீட்டர் ஆறத் தொடங்கும். 55 வரை போயும் கேட்காவிட்டால் பிளக்கைப் பிடுங்கி, துண்டிப்பானை மாற்றி, மறுபடி முதலிலிருந்து சோதியுங்கள். கேட்டால், ஆறியதும் பட்டனை அழுத்தி, சென்சாரைத் துடைத்து அதே கிளிப்பில் அதே உயரத்தில் மாட்டி, சூடான முனை 31.5-க்குத் திரும்பி ஒரு மணி நேரம் நின்றபிறகு பாம்பை உள்ளே விடுங்கள்.